ஆறரை அங்குலம்

கைபேசி வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் முதலில் சொல்லுவது திரையின் அங்குலக் கணக்கைத்தான். அந்த அங்குலம் அகலமுமன்று, உயரமுமன்று, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கே போகும் கோட்டின் நீளம் என்பதை அவரும் சொல்லுவதில்லை, நாமும் கேட்பதில்லை. சில வருஷங்களுக்கு முன் வந்த 5.5 அங்குலப் போன்களில் உயரத்துக்கும் அகலத்துக்கும் 16-க்கு 9 என்ற விகிதம் இருந்தது; அகலம் ஏறக்குறைய 2.7 அங்குலம். இன்று 6.5 அங்குலம் என்று விற்கிற போனிலோ விகிதம் பெரும்பாலும் 20-க்கு 9 ஆகிவிட்டபடியால், அகலம் அதே 2.7-க்கும் ஒரு நூலிழை குறைவாகவே நிற்கிறது. ஓரங்குலம் கூடிற்றென்று நாம் அடைகிற சந்தோஷமெல்லாம் உயரத்துக்கே போய்ச் சேருகிறது.

16-க்கு 9 விகிதத்தில் எடுத்த வீடியோ பார்ப்பவர்களுக்கு இதனால் பெரிய லாபமில்லை. படத்துக்கு இருபுறமும் கறுப்புப் பட்டைதான் மிச்சம். என்னைப் போல் மூக்குக்கண்ணாடியோடு பத்திரிகை படிக்கிறவர்களுக்கு அகலமே பிரதானம். எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் நம்முடைய நீண்ட தமிழ்ச் சொற்கள் வரிக்கு மூன்றுக்கு மேல் நிற்பதில்லை.

2011-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 5.3 அங்குலத் திரையோடு வந்தபோது, இதையா காதில் வைத்துப் பேசுவது என்று பரிகசித்தவர்கள் பலர். இன்று அந்த அளவைச் சிறியது என்று ஒதுக்குகிறோம். ஆனால் அரைக்கைச் சட்டையின் பை மட்டும் வளரவில்லை. குனிந்தால் போன் நழுவுகிறது. விழுப்புரம் பஸ்ஸில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மறு கையின் கட்டைவிரல் திரையின் உச்சியை எட்டுவதில்லை.

இவ்வளவு அசௌகரியத்தையும் நான் பொறுத்துக்கொள்வதற்கு எங்கள் பனமலை ஒரு காரணம். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் குன்றின்மேல் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலில், துணைச் சந்நிதி ஒன்றின் சுவரில், மகுடம் தரித்து, தலைக்கு மேல் குடை நிழற்ற, ஒரு காலை மடித்து நிற்கும் பார்வதியின் சித்திரம் பாதி அழிந்த நிலையில் இன்னும் இருக்கிறது. நண்பர் ஒருவர் அனுப்பிய அதன் படத்தைத் திரையில் விரல்களால் விரித்துப் பார்க்கையில், நேரில் மங்கலாகத் தோன்றும் புருவத்தின் வளைவும், சாய்ந்த கழுத்தின் கோடும், சாந்து பெயர்ந்த இடத்தில் வர்ணம் சடக்கென்று நின்றுபோவதும் தெளிவாகத் தெரிகின்றன. சின்னத் திரையில் முகத்தைப் பார்த்தால் குடை மறைந்துவிடும். குடையைப் பார்த்தால் முகம் போய்விடும். நெட்டையான இந்தத் திரையில் குடை முதல் இடை வரை ஒருசேர அமைகிறது. உயரத்துக்குப் போன அங்குலம் இங்கே பிரயோஜனப்படுகிறது.

அதே படத்தை உச்சிவெயிலில் ஏரிக்கரையில் நின்று திறந்தால், தெரிவது என் முகம்தான். திரையின் பிரகாசம் போதாவிட்டால் அங்குலம் எத்தனை இருந்தும் வியர்த்தம். கடையின் விளக்கொளியில் இந்தக் குறை புலப்படுவதே இல்லை. ஆகையால் வாங்கப் போகும் அன்பர்கள் போனைச் சட்டைப்பையில் இட்டு ஒருமுறை குனிந்து பார்க்கட்டும். பிறகு வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் ஒரு பத்தி படிக்கட்டும். அதற்குச் சம்மதியாத கடையில் வாங்க வேண்டாம்.