பழைய டயர் வண்டி அச்சு... 20,400 ரூபாயில் பைக் ஏற்றும் டிரெய்லர்!

பொள்ளாச்சிக்குக் கிழக்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது அந்தச் சின்ன ஊர். நான்கு ஏக்கர் தென்னை, மூன்று கறவை மாடுகள், ஒரு மினி டிராக்டர். இதுதான் 64 வயதான அந்தப் பெரியவரின் பிழைப்பு. தோட்டத்தின் முகப்பிலேயே ஒரு ஷெட் போட்டு, அவருடைய மகன் டூவீலர் மெக்கானிக் கடை நடத்துகிறார். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பால் கேன் கட்டி வரும் எக்ஸ்.எல். வண்டிகளால்தான் அந்தக் கடைக்குப் பாதி வருமானம்.

இந்த வண்டிகள், சொல்லி வைத்த மாதிரி, விடியற்காலையில்தான் இட்டேரிக்குள் நின்று போகும். கேன் நிறையப் பால் இருக்கும். ஆறரை மணிக்கு மேல் சொசைட்டியில் அளக்க மாட்டார்கள். போன் வந்ததும் மகன் தன் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவார். பாலை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, நின்றுபோன வண்டியில் அதன் சொந்தக்காரரை உட்கார வைப்பார். தன் பைக்கில் பின்னால் வந்துகொண்டே, ஒரு காலை நீட்டி முன்வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குக் கொண்டுவருவார். ஊர் நாட்டில் எல்லோரும் செய்கிற வேலைதான்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஓர் ஐப்பசி மழை இரவில், அப்படித் தள்ளிக்கொண்டு வந்தபோது முன்வண்டி குழியில் இறங்கிவிட்டது. மகனின் கால், இரண்டு வண்டிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கணுக்காலில் இரண்டு இடங்களில் எலும்பு முறிவு. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். நான்கு மாதம் கடை பூட்டிக் கிடந்தது. செலவுக்காகக் கறவையில் இருந்த ஒரு மாட்டை விற்றார் பெரியவர்.

கட்டுப் பிரித்த அன்று மகனிடம் அவர் சொன்னது ஒன்றுதான். “இனி காலால தள்ளற வேலை வேண்டாம் கண்ணு. அதுக்கு வேற வழி பார்க்கலாம்.”

புளிய மரத்தடியில் கிடந்த வண்டி

வழி பார்ப்பது சுலபமாக இல்லை. குட்டி யானையை வாடகைக்குக் கூப்பிட்டால் ஒரு நடைக்கு 700 ரூபாய். 300 ரூபாய் ரிப்பேருக்கு 700 ரூபாய் வாடகையை யார் கொடுப்பார்கள்? அதோடு, மழை பெய்தால் அந்த வண்டிக்காரர்கள் இட்டேரிக்குள் வரவே மாட்டார்கள். மினி டிராக்டருக்கு ஏற்ற புது டிரெய்லர் விசாரித்தார்கள். விலை லட்சத்தைத் தொட்டது.

வீட்டுப் புளிய மரத்தடியில் ஒரு டயர் வண்டி கிடந்தது. காங்கயம் காளைகள் பூட்டி, தேங்காயும் பருத்தியும் ஏற்றிப் போன வண்டி. காளைகளை விற்றுப் பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை வந்து எடைக்குக் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் “அது இருக்கட்டுமுங்க” என்று அனுப்பிவிடுவார் பெரியவர். அதனால் அந்த வண்டியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அன்றைக்கு அவரே பேச்சை எடுத்தார்.

“அந்த அச்சு இன்னும் கோணல் இல்லாமத்தான் இருக்குது. கழட்டிப் பாரு.”

“நிசமாத்தானுங்களாப்பா?” என்று மகன் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தபோது பேரிங் கரகரவென்று கத்தியது. மகன் இரண்டு ஹப்புகளையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவினார். பேரிங்குகளில் துரு அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது. அச்சு நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு அங்குலச் சதுர இரும்பு, வளையாமல் இருந்தது. விரிசலும் இல்லை. நான்கு பேரிங்குகளும் ஆயில் சீலும் புதிதாகப் போட்டு, கிரீஸ் அடைத்தார்கள்.

அப்போதே பெரியவர் ஒரு கணக்குச் சொன்னார். “இது மாடு நடக்கற வேகத்துக்குச் செஞ்ச அச்சு. டிராக்டர்ல கட்டிட்டோம்னு பறக்கக் கூடாது.” மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை என்று அன்றே முடிவானது.

சட்டம் போட்ட விதம்

கோயம்புத்தூர் உக்கடத்தில், பழைய இரும்புக் கடையில் 75-க்கு 40 மில்லிமீட்டர் சி-சேனல் 85 கிலோ எடுத்தார்கள். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் 7 அடி நீளம், 4 அடி அகலத்துக்குச் சட்டம் போட்டார்கள். அகலத்தை 4 அடியோடு நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. டயர் வண்டி அச்சில், இரண்டு டயருக்கும் நடுவே இருக்கிற இடம் அவ்வளவுதான். சட்டம் டயர்களுக்கு மேலே நில்லாமல் நடுவே அமர்ந்ததால், தளத்தின் உயரம் ஒன்றரை அடிதான். பைக்கை ஏற்றுவதும் சுலபம், குடை சாயும் பயமும் குறைவு. மாட்டு வண்டி போன இட்டேரியில் இதுவும் தாராளமாகப் போகும்.

சாதாரணப் பைக் ஒன்று 2 மீட்டர் நீளம் இருக்கும். 7 அடித் தளத்தில் அது சரியாக அடங்கும். எடையைப் பொறுத்தவரை, எக்ஸ்.எல். 90 கிலோவுக்குள், ஸ்பிளெண்டர் மாதிரி வண்டி 112 கிலோ, புல்லட் 190 கிலோவுக்கு மேல். இரண்டு சாதாரணப் பைக்குகள் அல்லது ஒரு புல்லட் என்று அளவு வைத்துக்கொண்டார்கள்.

தளம் முழுவதும் தகடு போட்டால் செலவு கூடும் என்பதால், பைக்கின் சக்கரம் உட்காரும் இடத்துக்கு மட்டும் 3 மில்லிமீட்டர் தகட்டை ‘ப’ வடிவத்தில் மடித்து வாங்கினார்கள். உள் அகலம் 5 அங்குலம். அப்படி இரண்டு தடங்கள். மீதி இடத்துக்குப் பழைய வண்டியின் பலகைகளே போதுமானதாக இருந்தன. ஏற்றி இறக்க, அதே மாதிரி மடித்த இன்னொரு தகடு.

மாடு சொல்லிக் கொடுத்த பாடம்

வெல்டிங் பட்டறைக்காரர், தளத்தின் சரி பாதியில் அச்சை வைத்துப் பற்றவைத்திருந்தார். பார்க்க லட்சணமாக இருந்தது. ரோட்டுக்குப் போவதற்கு முன்னால் சொந்தத் தோட்டத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பெரியவர் பிடிவாதமாக நின்றார். இரண்டு பைக்குகளைக் கட்டி, மகன் டிராக்டரை ஓட்ட, பெரியவர் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

சமதரையில் எந்தக் குறையும் தெரியவில்லை. கிணற்று மேட்டில் ஏறியதும், இழுவைக் கம்பி டிராக்டர் கொக்கியில் தடதடவென்று துள்ள ஆரம்பித்தது. கொக்கியில் போட்டிருந்த பின், ஒவ்வொரு துள்ளலுக்கும் மேலே ஏறி, பாதிக்கு வந்துவிட்டது. “நிறுத்து, நிறுத்து!” என்று பெரியவர் கத்தினார். இன்னும் நான்கு அடி போயிருந்தால், இரண்டு பைக்குகளோடு டிரெய்லர் பின்னோக்கி உருண்டு கிணற்றுப் பக்கம் போயிருக்கும்.

என்ன கோளாறு என்று பட்டறைக்காரருக்குப் பிடிபடவில்லை. பெரியவருக்குப் பார்த்ததுமே தெரிந்தது. “இது பின்பாரம்” என்றார்.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது பாலபாடம். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஏற்றத்தில் ஏறும்போது பாரம் தானாகவே பின்னால் சாயும். அதனால்தான் வண்டிக்காரர்கள் மூட்டை அடுக்கும்போதே சற்று முன்பாரமாக அடுக்குவார்கள். மாட்டுக்கு இருந்த அதே கஷ்டம்தான் டிராக்டருக்கும். பின்பாரம் ஏறினால் இழுவைக் கம்பி டிராக்டரின் பின்பக்கத்தைத் தூக்கும். பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் போகும். முன்பாரம் மிதமிஞ்சினால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் கேட்காது. மாடாவது நின்று தலையை ஆட்டிக் காட்டும். டிராக்டர் அப்படிக் காட்டாது.

பற்றவைப்பை வெட்டி, அச்சை அரை அடி பின்னால் தள்ளி வைத்தார்கள். இதற்கு 700 ரூபாய் கூடுதல் செலவு. பிறகு சமதரையில் இரண்டு பைக்குகளைக் கட்டி, டிராக்டரைக் கழற்றிவிட்டு, இழுவைக் கம்பியின் நுனியைத் தொங்கு தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்தார்கள். 42 கிலோ காட்டியது. டிரெய்லரும் பைக்குகளும் சேர்ந்து மொத்த எடை 455 கிலோ. அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முன்னால் இருந்தால் போதும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கணக்கு. அதே கிணற்று மேட்டில் மறுபடியும் ஏற்றினார்கள். கம்பி துள்ளவில்லை.

கொக்கியின் பின்னுக்கு, கழன்று வராதபடி கீழே பூட்டுக் கிளிப் போட்டார்கள். சக்கரத்துக்குக் கடையாணி மாதிரி இது. அதுவும் போனால் தாங்கட்டும் என்று, டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு சங்கிலியும் மாட்டினார்கள்.

கட்டுவதில்தான் இருக்கிறது

பைக்கைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்துக் கட்டினால் குலுங்கிக் குலுங்கி ஸ்டாண்டே வளைந்துவிடும். நிமிர்த்தி நிறுத்தி, முன்சக்கரத்தைத் தடுப்பில் முட்டவைத்து, கியரில் போட்டு, பெட்ரோல் குழாயை மூடிவிடுகிறார் மகன். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று நான்கு ராட்செட் பெல்ட்டுகள். முன்பெல்ட்டை ஹேண்டில் பிடியில் மாட்டாமல், போர்க்கின் மேல்பகுதியில் மாட்டி, ஷாக் அப்சார்பர் கொஞ்சம் அமுங்கும் வரை இறுக்குகிறார். இரண்டு பைக்குகளை ஏற்றினால், ஒன்று முன்னோக்கியும் மற்றொன்று பின்னோக்கியும் நிற்கும். அப்போதுதான் ஹேண்டில்கள் ஒன்றோடொன்று இடிக்காது.

செலவுக் கணக்கு

சி-சேனல் 4,250 ரூபாய், இரண்டு தடத் தகடுகள் 1,800, ஏற்றும் தகடு 900, பேரிங், சீல் 1,900, பழைய டயர், புது டியூப் 3,200, வெல்டிங் கூலி 4,500, கொக்கி, பின், சங்கிலி 1,100, பெல்ட் 1,200, பெயின்ட், சிவப்பு ரிஃப்ளெக்டர் 850, அச்சை மாற்றிய கூலி 700. ஆக மொத்தம் 20,400 ரூபாய்.

சேனலையும் டயரையும் பழசாக வாங்கியவர்கள், பேரிங், கொக்கிப் பின், சங்கிலி, பெல்ட் நான்கையும் புதிதாகத்தான் வாங்கினார்கள். “இதுல மிச்சம் பண்ணினா ஆஸ்பத்திரியில கொடுக்கோணும்” என்கிறார் பெரியவர்.

ரோட்டுக்கு ஏறாத வண்டி

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். பொதுச்சாலையில் ஓட வேண்டும் என்றால் பதிவு செய்திருக்க வேண்டும். பட்டறையில் செய்த இந்த டிரெய்லருக்குப் பதிவு கிடையாது. அதனால் மெயின் ரோட்டில் ஏற்றுவதில்லை என்பதில் அப்பாவும் மகனும் உறுதியாக இருக்கிறார்கள். கடைக்கும் தோட்டங்களுக்கும் நடுவே உள்ள இட்டேரிகளோடு சரி. மெயின் ரோட்டில் வண்டி நின்றுவிட்டது என்று போன் வந்தால், இன்றைக்கும் குட்டி யானையைத்தான் அனுப்புகிறார்கள். டிரெய்லரில் பிரேக் கிடையாது என்பதால், மொத்த எடையை 500 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. இறக்கத்தில் கிளட்ச்சை மிதிக்காமல் சின்ன கியரிலேயே இறங்குகிறார்கள். பைக் இல்லாத நாள்களில் தீவனப்புல், மட்டை, உர மூட்டை என்று டிரெய்லர் சும்மா நிற்பதில்லை.

சென்ற மாதம் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, பக்கத்துத் தோட்டக்காரரின் எக்ஸ்.எல். ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. மகனுக்கு இன்னமும் குளிர் நேரத்தில் கால் இழுக்கும் என்பதால், பெரியவரே டிராக்டரை எடுத்துக்கொண்டு போனார். எக்ஸ்.எல்லை ஏற்றிக் கட்டி, பால் கேனைப் பக்கத்தில் வைத்து இறுக்கினார். தோட்டக்காரர், தானும் கேனைப் பிடித்தபடி டிரெய்லரில் ஏறிக்கொள்ளப் பார்த்தார்.

“இறங்குங்க மாப்ளே. பாரம் ஏத்தற வண்டியில ஆள் ஏறக் கூடாது.”

“கேன் சாஞ்சுருமுங்க மாமா...”

“பெல்ட்டு போட்டிருக்குது, சாயாது. நீங்க குறுக்கு வழியில நடந்து வாங்க.”

பின்னையும் கிளிப்பையும் சங்கிலியையும் ஒரு முறை கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, பெரியவர் டிராக்டரில் ஏறினார். ஆறு இருபதுக்கு டிரெய்லர் கடைக்கு வந்தது. கேனை மகன் தன் பைக்கில் கட்டிக்கொண்டு போய், சொசைட்டி மூடுவதற்குள் பாலை ஊற்றிவிட்டார். தோட்டக்காரர் நடந்து வந்து சேர்ந்தபோது, கையில் பால் சீட்டு தயாராக இருந்தது.