என் சிறிய தந்தையாரின் ஒலிபெருக்கி

ஓசையைத் தெளிவுறப் பெருக்குதற்கென்றே அமைந்த கருவியைக் கொண்டு அவ்வோசையைச் சிதைப்பானேன் என்று மாணவ நண்பரொருவர் அண்மையில் என்னை வினவினார். அதற்கு விடையாக, கோடைக்கானல் மலையில் எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

என் சிறிய தந்தையார் செண்பகனூரில் வாழ்ந்தவர். பழனிமலை ஊர்களில் திருமணங்களிலும் கிறிஸ்துமஸ் கீத பவனிகளிலும் கித்தார் வாசித்தவர். அவரிடம் வால்வுகளால் இயங்கும் பழைய ஒலிபெருக்கி ஒன்றிருந்தது. உரக்க வாசித்தாலன்றி அதன் சிறப்பு வெளிப்படாது. வால்வு ஓர் எல்லைவரையே மின்னலையைப் பெருக்கும். அதனைக் கடந்தால் அலையின் முகடுகள் மெல்ல மழுங்கும். அங்ஙனம் மழுங்கிய அலையில் மூல சுரத்தோடு அதன் மடங்குகளாகிய மேற்சுரங்களும் மிகும். கரகரப்பும் இனிமையும் கலந்த அவ்வோசைக்காக, 1964-இல் இங்கிலாந்தில் டேவ் டேவிஸ் என்னும் இசைவாணர் ஒலிபெருக்கியின் கூம்புத்தாளையே சவரத்தகட்டாற் கீறினார்.

நுரையீரல் நோயால் சிறிய தந்தையார் படுக்கையுற்றபின், அவ்வீட்டில் உரத்த ஓசை எழலாகாதென மருத்துவர் கூறிவிட்டார். மூடுபனி இறங்கிய ஒரு மாலை அவர் என்னை அழைத்து, “தம்பி, அந்தப் பழைய குரலை ஒருமுறை கேட்கவேண்டும், ஆனால் மெதுவாகக் கேட்கவேண்டும்” என்றார்.

அவ்விரண்டையும் ஒருங்கே தரவல்லது டயோடு. மின்சாரத்தை ஒரு திசையிற் செல்லவிட்டு மறுதிசையில் தடுக்கும் சிறு பொருள் அது. நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் அமெரிக்க உரிமைப்பட்டயம் பெற்ற கலீனாப் படிகக் கருவி இவ்வினத்தின் முன்னோடியாகும். சிலிக்கன் டயோடு இரண்டினை எதிரெதிர்த் திசைகளில் இணைத்து, அலை செல்லும் கம்பிக்கும் தரைக்கம்பிக்கும் இடையே வைத்தால், ஏறத்தாழ 0.6 வோல்ட்டுக்கு மேற்பட்ட முகடு இருபுறமும் வெட்டுண்ணும். ஒலியளவுத் திருகு அதற்குப் பின் அமையுமாதலின், சிதைவு குறையாமலே ஓசையைத் தாழ்த்தலாம்.

ஓர் எச்சரிக்கை கூறுதல் என் கடன். மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் இத்தகைய பெட்டியின் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் தங்கியிருக்கக்கூடும். அதனை முறைப்படி வடித்து, அளவுகருவியாற் சோதித்த பின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும். வால்வின் உயரழுத்தம் டயோடுகளை அணுகாதவாறு, இடையே ஒரு மின்தேக்கி நிற்றலும் இன்றியமையாதது.

இவ்வாறு அமைத்து, அவரது கட்டிலருகே அமர்ந்து வாசித்தேன். அவர் கண்களை மூடிக் கேட்டுவிட்டு, “ஓசை வந்துவிட்டது, தம்பி, உன் விரலைத்தான் காணோம்” என்றார்.

அவர் கூறியது முற்றும் உண்மை. யான் மெல்லத் தொட்டாலும் வன்மையாய் மீட்டினாலும், டயோடுகள் எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வெட்டின. வால்வோ, மெல்லிய தொடுகையை அப்படியே விட்டு, வலியதை மட்டும் சிறிது சிறிதாக வளைப்பது. கையின் வேறுபாடு அதிற் கேட்கும்.

மறுவாரம் சிலிக்கன் டயோடுகளை நீக்கி, ஏறத்தாழ 1.7 வோல்ட்டிலேயே வழிவிடும் சிவப்பு ஒளியுமிழ் டயோடுகளை வைத்தேன். வெட்டு மென்மையாகும்பொருட்டு அவற்றோடு ஒரு மின்தடையையும் சேர்த்தேன். இப்பொழுது மெல்லிய சுரங்கள் பழுதின்றிச் சென்றன; வலியவை மட்டுமே கரகரத்தன. பெட்டியின் பின்பலகையைத் திறந்துவைத்து விளக்கை அணைத்தபோது, நரம்பை வன்மையாய் மீட்டுந்தோறும் உள்ளே இரு செம்பொறிகள் மங்கலாய் மினுக்கின.

சிறிய தந்தையார் அதனைச் சற்றுநேரம் நோக்கியிருந்தார். பின்னர் ஒன்றும் கூறாமற் கையை நீட்டிக் கித்தாரை வாங்கி, பவனிகளில் வாசிக்கும் பழைய மெட்டொன்றைச் சாய்ந்தவாறே வாசித்தார். மூச்சு வாங்கியதால் இடையிடையே நின்றார். அடுத்த அறையில் உறங்கிய குழந்தை விழிக்கவில்லை.

இன்று அவர் இல்லை. அவ்வீட்டில் உரக்க வாசிக்கத் தடை யாதுமில்லை. ஆயினும் அவ்விரு டயோடுகளையும் யான் கழற்றவில்லை.