மாமல்லபுரத்துக்கு வராத கப்பலைத் தேடி... விசாகப்பட்டினத்தில் ஒரு குடும்ப உலா!

செங்கல்பட்டுக்காரர்களான எங்களுக்கு, வீட்டுக்கு விருந்தாளி வந்தாலே மாமல்லபுரம்தான். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சுற்றிக் காட்டிவிடுவோம். அந்தப் பட்டியலில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலும் சேர்ந்திருக்க வேண்டியது.

ஐ.என்.எஸ். வாக்லி ஞாபகம் இருக்கிறதா? 1974-ல் கடற்படையில் சேர்ந்து, 2010 டிசம்பரில் ஓய்வு பெற்ற கப்பல். அதை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக வைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும், எங்கள் அப்பா பேப்பரைக் கத்தரித்து டைரிக்குள் வைத்துக்கொண்டார். அப்போது யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்த என் மகளிடம், "கப்பல் வரட்டும் கண்ணு, தாத்தா உன்னை உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியும் வைத்தார்.

வாக்லி சென்னைத் துறைமுகம் வரை வந்தது. அங்கேயே ஆண்டுக்கணக்கில் நின்றது. மாமல்லபுரத்துக்கு வரவே இல்லை. மகள் வளர்ந்தாள், அப்பாவுக்கு மூட்டு வலி வந்தது. "தாத்தா, உங்க கப்பல் எப்போ வரும்?" என்பது வீட்டில் நிரந்தரக் கேலியாகிவிட்டது. அவரும் சிரிப்பார். ஆனால், பேப்பர் துண்டை மட்டும் தூக்கிப் போடவில்லை.

போன விடுமுறையில் என் கணவர்தான் யோசனை சொன்னார். "அது வரலைன்னா நாம போவோமே! வாக்லியோட அக்கா விசாகப்பட்டினத்துல இருக்கு." சென்னை சென்ட்ரலில் இரவு ரயில் ஏறி, காலையில் விசாகப்பட்டினத்தில் இறங்கினோம்.

கரையேறிய கப்பல்

ராமகிருஷ்ணா பீச் சாலையில், மணலை ஒட்டி கான்கிரீட் மேடையில் நிற்கிறது ஐ.என்.எஸ். குர்சுரா. வாக்லியைப் போலவே சோவியத் யூனியனில் கட்டிய கப்பல். 1969 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்து, 1971 போரைப் பார்த்து, 31 ஆண்டுகளில் 73,500 கடல் மைல் ஓடி, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. மறு ஆண்டே கரைக்கு இழுத்து வந்து, 2002 ஆகஸ்டில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

நீளம் 91 மீட்டர். நம் ஊர் ரயில் பெட்டிகள் நான்கை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு வருமோ, அவ்வளவு. அகலமோ ஏழரை மீட்டர்தான். ஒரு முனையில் படியேறி உள்ளே போய், மறுமுனையில் இறங்க வேண்டும். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமான துவாரம்தான் வழி. காலைத் தூக்கி, தலையைக் குனிந்து, உடம்பை நுழைக்க வேண்டும்.

அப்பா படிக்கட்டையும், உள்ளே போய்வந்தவர்கள் சொன்னதையும் வைத்துக் கணக்குப் போட்டார். "நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்க உக்காந்திருக்கேன்" என்றார். மகள் முகம் வாடிவிட்டது. இத்தனை வருஷக் காத்திருப்பு, வாசல் வரை வந்து நின்றுவிட்டதே!

75 பேர் குடித்தனம்

உள்ளே எங்களுக்கு விளக்கிச் சொன்னவர் கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மொத்தம் 22 டார்பிடோ குண்டுகள்; முன்பக்கம் ஆறு, பின்பக்கம் நான்கு என அவற்றை ஏவும் குழாய்கள். அந்தக் குண்டுகளுக்குப் பக்கத்திலேயே மாலுமிகள் படுக்கும் பலகைகள்! அந்த அறையில் வேலை பார்ப்பவருக்குத் தூக்கமும் அங்கேயேதான்.

மேலே மிதக்கும்போது டீசல் இன்ஜின். மூழ்கினால் இன்ஜினுக்குக் காற்று கிடைக்காது என்பதால், தளத்துக்கு அடியில் இருக்கும் பேட்டரிகளில் ஓடும். பேட்டரி தீரத் தீர மேலே வந்து சார்ஜ் செய்தாக வேண்டும். "நம்ம செல்போன் மாதிரியே!" என்றான் சின்னவன். எதிரிக்குக் கண்ணில் படக்கூடிய நேரமும் அதுதான் என்றதும் அமைதியாகிவிட்டான்.

சமையலறை, எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது. அதில்தான் சுமார் 75 பேருக்கும் சாப்பாடு. நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே சரியாக இருக்கும் என்பதால் நாள்கணக்கில் குளியல் கிடையாதாம். ஜன்னல் இல்லை, பகலும் ராத்திரியும் கடிகாரத்தில் மட்டும்தான்.

வெளியே வந்ததும் மகள் நேராகத் தாத்தாவிடம் ஓடினாள். பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வோர் அறையாக, கையை விரித்தும் குறுக்கியும் சொன்னாள். "இவ்வளவுதான் தாத்தா படுக்கை. இப்படிக் குனியணும்..." கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "சரி, நானும் பார்த்தாச்சு" என்றார்.

இது நம்ம அரக்கோணம் விமானம்!

சாலையின் எதிர்ப்பக்கம் ஒரு பெரிய விமானம் நிற்கிறது. டி.யு.-142. நீர்மூழ்கிகளை வானிலிருந்து தேடிப் பிடிக்கும் விமானம். 2017 டிசம்பரில் அருங்காட்சியகமானது. ஒரு பக்கம் ஒளிந்துகொள்ளும் கப்பல், எதிர்ப்பக்கம் தேடும் விமானம். பொருத்தமான ஜோடிதான்.

அதைப் பார்த்த அப்பா எழுந்து நின்றுவிட்டார். "அடடே, இது நம்ம அரக்கோணத்து விமானமாச்சே!" உண்மைதான். 2017 மார்ச்சில் ஓய்வு பெறும்வரை இவற்றின் வீடு, அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளம்தான். செங்கல்பட்டு-அரக்கோணம் பாதையில் பல ஆண்டுகள் ரயில்வே வேலை பார்த்தவர் அப்பா. "தலைக்கு மேல போகும் பாரு, டீ கிளாஸ் அதிரும்" என்றார். நான்கு இன்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பெல்லர்கள். 50 மீட்டர் இறக்கையின் கீழே நின்றுகொண்டு, இந்த முறை தாத்தா சொல்ல, பேத்தி கேட்டாள்.

அதே கடற்கரைச் சாலையில் 1971 போர் நினைவுச் சின்னமும் இருக்கிறது. விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி, பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி சென்னைக் கடல் பக்கமும் வந்தது. விக்ராந்தோ அந்தமானில் பத்திரமாக இருந்தது. அது சென்னைக்கு வருவதுபோல, இடமும் சாமான்களும் தயார் செய்யச் சொல்லிப் போக்குக் காட்டியவர், கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர்! டிசம்பர் 3-4 நள்ளிரவில் காஸி விசாகப்பட்டினம் அருகே மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரு நாடுகளும் வேறுவேறு காரணம் சொல்கின்றன. அதற்குள் இருந்தவர்கள் 90-க்கும் மேல். குர்சுராவின் உள்ளே நடந்து வந்த பிறகு, அந்த எண்ணிக்கையைச் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை.

அந்த விக்ராந்தும் மும்பையில் சில காலம் அருங்காட்சியகமாக இருந்து, 2014-ல் உடைக்கப்பட்டுவிட்டது. கப்பலைக் காப்பாற்றி வைப்பது சுலபமில்லை. துருவும் செலவும் விடாது. அதனால்தான், நிற்கிற ஒன்றைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை குர்சுராவுக்கு விடுமுறை. நேரம் நாளுக்கு நாள் மாறும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மூட்டு வலி, மூச்சுத் திணறல், இடுக்கான இடத்தில் பயம் உள்ளவர்கள் வெளியிலிருந்தே பார்ப்பது நல்லது. புடவையைவிடச் சுடிதார் வசதி.

ஊர் திரும்பிய மறுவாரமே விருந்தாளிகள், வழக்கம்போல மாமல்லபுரம். கடற்கரைக் கோயில் பக்கம் நின்று, காஸி கதையை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள் மகள். "இந்தக் கடல் வழியாத்தான் வந்திருக்கும், இல்ல தாத்தா?" என்றாள். "வந்திருக்கும்டா" என்றார் அப்பா.

பேப்பர் துண்டு இன்னும் டைரியில்தான் இருக்கிறது. குர்சுரா டிக்கெட்டையும் அதோடு சேர்த்து வைத்திருக்கிறார்.