அந்த 75 மதிப்பெண்கள்

மருத்துவக் கல்லூரியில் சேர மதிப்பெண் மட்டும் போதுமா என்று யாராவது கேட்டால், போதாது என்று உடனே சொல்லிவிடுகிறோம். முகத்தை நிமிர்ந்து பாராமல் மருந்துச்சீட்டு எழுதும் மருத்துவரின் எதிரே ஒருமுறையேனும் அமர்ந்தவர்கள்தாமே நாம் எல்லோரும். ஆனால் மதிப்பெண்ணுக்கு அப்பாற்பட்ட அந்தத் தகுதியை யார், எதைக் கொண்டு அளப்பது என்ற அடுத்த கேள்வி வந்ததும் நம் குரல் தாழ்ந்துவிடுகிறது. அதற்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு உண்டு.

1970இல் இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளுக்கான தேர்வில் பாடங்களுக்கு 200 மதிப்பெண்கள், நேர்முகத் தேர்வுக்கு 75. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பாடத்துக்கு வெளியே ஆற்றிய தொண்டு, உடல் தகுதி, பொதுத் திறன், நாட்டம் என்று ஐந்து தலைப்புகள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டது வேறு. தலைப்புவாரியாகப் பிரித்து மதிப்பிடாமல் மொத்தமாகவே மதிப்பெண் வழங்கியிருந்தார்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது என்றது நீதிமன்றம். பத்தாண்டுகள் கழித்து, ஸ்ரீநகரிலிருந்த பொறியியல் கல்லூரி ஒன்றைப் பற்றிய அஜய் ஹாசியா வழக்கு வந்தது. இரண்டு மூன்று நிமிட நேர்முகத்துக்கு மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு; பெற்றோர் யார், வீடு எங்கே என்றே கேட்டார்கள் என்பது மாணவர்களின் முறையீடு. நேர்முகத்துக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தகாது என்று தீர்ப்பாயிற்று.

ஆகவே எண்ணின் மீது நமக்குள்ள பற்றை வெறும் மதிப்பெண் மோகம் என்று தள்ளிவிட முடியாது. எண் தகப்பன் பெயரைக் கேட்பதில்லை. எளியவர்களுக்கு அது ஒரு காப்பு. நுழைவுத் தேர்வு வந்தது, போனது, 2017இலிருந்து நீட் வந்தது. தேர்வுகள் மாறினவே அன்றி, எண்ணே தீர்மானிக்கும் என்பது மாறவில்லை.

நண்பர்கள் சிலராகச் சேர்ந்து நாங்கள் ஆண்டுதோறும் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அமர்ந்து, மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு உதவி வருகிறோம். ஒருமுறை வந்த பெண்ணுக்குச் சில மதிப்பெண்களில் இடம் தவறியிருந்தது. படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. எனவே 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் இல்லை. பயிற்சி வகுப்புக்குப் போனாயா என்று கேட்டோம். "ஆயாவுக்குப் பக்கவாதம் சார். ரெண்டு மணிக்கு ஒருக்கா பொரட்டிப் படுக்க வைக்கணும். அதான் போக முடியல" என்றாள். இரண்டு ஆண்டுகளில் ஒரு படுக்கைப்புண்கூட வரவில்லையாம். தன் தகுதியாக அன்று, வகுப்புக்குப் போகாததற்குச் சாக்காகத்தான் அவள் இதைச் சொன்னாள்.

நேர்முகத் தேர்வு இருந்திருந்தால் அவள் வென்றிருப்பாளா என்று அன்றிரவு நெடுநேரம் விவாதித்தோம். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டிருப்பார்கள், அவள் விழித்திருப்பாள். அடுத்து வந்த பிள்ளையிடம் தொண்டு நிறுவனத்தின் சான்றிதழ் இருந்திருக்கும். சொல்வதற்கு அதிகம் உள்ளவர்களுக்கு, அது சொல்லத்தக்கது என்பதே பல வேளை தெரிவதில்லை.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டு 2004இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரே நீண்ட நேர்முகத்துக்குப் பதில் பத்துக் குறுநேர்முகங்கள். ஒவ்வொன்றும் எட்டு நிமிடம். ஒவ்வொன்றிலும் வேறு மதிப்பீட்டாளர். ஒரு சூழலைக் கொடுத்து, நீ என்ன செய்வாய் என்ற கேள்வி. ஒருவருடைய விருப்பு வெறுப்பு மொத்தத்தையும் தீர்மானிக்காது. முன்கூட்டியே பழகி வரும் வசதி படைத்தவர்களுக்கு இதிலும் ஆதாயம் உண்டுதான். எனினும் கணிப்பவரின் கண்ணையும் ஐயுற வேண்டும் என்ற எண்ணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பிரித்து மதிப்பிடுக என்று 1970இல் நம் நீதிமன்றம் சொன்னதும் அந்த ஐயத்தால்தான்.

பழைய நேர்முகம் திரும்ப வேண்டும் என்று நாங்கள் கேட்கமாட்டோம். என்றேனும் அது வேறு வடிவில் வருமானால், சாதித்தது என்ன என்று கேட்பதற்கு முன், வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறாய் என்று கேட்கட்டும். அதற்கு வந்த விடையைத் தனியே ஒரு வரியில் எழுதி, அதற்குரிய மதிப்பெண்ணையும் பக்கத்திலேயே குறித்து வைக்கட்டும். அந்தப் பெண் இப்போது செவிலியர் படிப்பில் இருக்கிறாள்.