அம்மாவின் கோல நோட்டு

உபாத்தியாயர் உத்தியோகத்தில் ஒரு விசேஷம் உண்டு. பள்ளிக்கூடத்தில் எந்தக் காரியத்துக்கு ஆள் அகப்படவில்லையோ, அது நேரே சரித்திர வாத்தியார் தலையில் வந்து விழும். மூன்று வருஷங்களுக்கு முன்பு ஆண்டு மலரின் அட்டைச் சித்திரம் என் தலையில் விழுந்தது. "உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே!" என்றார் தலைமை ஆசிரியர். இவ்விதமாக, நாற்பத்தைந்தாவது வயதில் நானும் ஒரு கிராபிக் டிசைனர் ஆனேன்.

நான்கு இரவுகள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். கற்பனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் இண்டர்நெட்டில் தேடினேன். விரித்த புத்தகத்திலிருந்து ஒரு மரம் கிளம்புகிறது, இலைகளுக்குப் பதில் எழுத்துக்கள், பின்னால் உதயசூரியன். ஆஹா! அதை எடுத்துப் பள்ளியின் பெயரைப் பொறித்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். எல்லோரும் பிரமாதம் என்றார்கள். நானும் மறுப்புச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேறொரு பள்ளியின் மலர் தபாலில் வந்தது. அதே புத்தகம், அதே மரம், அதே சூரியன்! வர்ணம் மட்டும் வேறு. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டையும் என் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ஸார், இதில் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள்?" என்று வினயமாகக் கேட்டான். முந்திய மாதந்தான் அதே குற்றத்துக்காக அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருந்தேன். என்னை எங்கே நிறுத்துவது?

அன்று முதல், இந்தக் கலையில் தேர்ந்தவர்கள் எங்கிருந்து சரக்கு எடுத்தார்கள் என்று படிக்கத் தொடங்கினேன். 1938-ல் குஜராத்திலுள்ள ஹரிபுராவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, காந்திஜியின் விருப்பப்படி நந்தலால் போஸ் அதற்குச் சுவர்ச் சித்திரங்கள் தீட்டிக் கொடுத்தார். தலைவர்களின் உருவங்களையா எழுதினார்? இல்லை. ஏர் உழுபவன், நெல் குத்தும் பெண்கள், கொட்டு அடிப்பவன், தச்சன் இவர்களையே எழுதினார். காகிதம் கைக்காகிதம், வர்ணம் மண் வர்ணம்.

1958-ல் அமெரிக்காவிலிருந்து சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற தம்பதிகள் வந்து நம் தேசம் முழுவதும் சுற்றிப் பார்த்து, சர்க்காருக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் வானளாவப் புகழ்ந்திருப்பது தாஜ்மஹாலை அல்ல. தண்ணீர் மொள்ளும் சாதாரணச் சொம்பை! அந்த அறிக்கையின் பயனாகவே 1961-ல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றியது.

இதைப் படித்ததும் என் வீட்டைச் சுற்று முற்றும் பார்த்தேன். சட்டென்று அம்மாவின் கோல நோட்டு ஞாபகத்துக்கு வந்தது. பழைய கணக்கு நோட்டு ஒன்றில், பென்ஸிலால் புள்ளி குத்தி, கலியாணமான நாள் முதல் அம்மா சேர்த்து வைத்த கோலங்கள். ஓரத்தில் '15 புள்ளி, ஊடு புள்ளி, 8-ல் நிறுத்து' என்று குறிப்பு வேறு இருக்கும்.

அலமாரியைத் தேடவில்லை. தேடிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். அம்மா காலமான மறு வருஷம் போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டவன் நானேதான்.

1974-லேயே கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் என்ற சென்னைக் கணித அறிஞர்கள் மூவர், கம்ப்யூட்டர் சித்திரங்களுக்கென்றே நடந்த விஞ்ஞானப் பத்திரிகையில் நம் கோலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள் என்று பிற்பாடு அறிந்தேன். அறிஞர்கள் ஆராய்ந்த செல்வத்தை நான் தராசில் வைத்தேன்!

மனம் கேளாமல் கிராமத்திலிருக்கும் சித்தியிடம் ஓடினேன். வயது எழுபத்தெட்டு. "அக்கா போட்ட கோலமா? வாயால் சொல்லத் தெரியாதடா. மாவைக் கொண்டு வா, கைக்கு ஞாபகம் இருக்கும்" என்றாள். முற்றத்தில் உட்கார்ந்து புள்ளி வைத்தாள். விரல் இடுக்கிலிருந்து மாவு இழையாக இறங்கியது. கோடு புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. சாயங்காலத்துக்குள் பதினொரு கோலங்கள். பன்னிரண்டாவது பாதியில் நின்றுவிட்டது. "அக்கா இருந்தால் முடிப்பாள்" என்றாள் சித்தி. நான் ஒன்றும் பேசவில்லை.

அவ்வருஷத்து மலரின் அட்டையில் அந்தப் பாதிக் கோலத்தைத்தான் போட்டோம். மீதிக்குப் புள்ளிகள் மட்டும். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பலர் பென்ஸிலால் அதை முடித்துக் கொண்டுவந்தார்கள். ஒன்றைப்போல் ஒன்றில்லை. முதலில் கொண்டுவந்தவன், என்னைக் கேள்வி கேட்ட அதே பையன்.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வருகிற போகியன்று பழைய நோட்டுக்களை எடைக்குப் போடுமுன், ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.