ஆற்று மடுவும் தூண்டிலும்

கும்பகோணத்துக்கு மேற்கே ஐந்து கல் தொலைவில் உள்ளது சுவாமிமலை. பெயரில்தான் மலை இருக்கிறது; தஞ்சைத் தரணியில் மலைக்கு எங்கே போவது? வண்டல் படிந்த சமவெளியில் மனிதர் கட்டி எழுப்பிய கட்டுமலை அது. தமிழ் ஆண்டுகள் அறுபதைக் குறிக்கும் 60 படிகளை ஏறி மக்கள் முருகன் கோவிலை அடைகின்றனர். ஊரின் மற்றொரு பெருமை, அங்கே வார்க்கப்படும் உலோகச் சிற்பங்கள். ஸ்தபதிகள் மெழுகில் உருவம் சமைக்கின்றனர். அதன்மேல் காவிரியின் மென்மையான வண்டலைப் பூசி உலர்த்திச் சூடேற்றுகின்றனர். மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுகின்றனர். உருவத்தின் நுண்ணிய கோடுகளும் அந்த வண்டலில் பிழையின்றிப் பதிந்துவிடுகின்றன.

வெளியூரிலிருந்து வருவோர் கோவிலையும் சிற்பக் கூடங்களையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். ஊரை ஒட்டி ஓடும் காவிரியைப் பாலத்தின்மேல் செல்லும்போது ஒரு கணம் நோக்குவதோடு சரி. கோடையானால் அந்த ஒரு நோக்கும் இல்லை. மணலைக் காண யார் நிற்பார்கள்? ஆயினும் நாம் காவிரியை அறிந்துகொண்டது கோடையிலேதான். அதனைக் கற்பித்தது ஒரு தூண்டில்.

நீர் வடிந்த பின்

காவிரிப் படுகையின் ஆண்டு இரு நாட்களால் பகுக்கப்பட்டது. 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையைப் பாசனத்துக்காகத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12; மூடும் நாள் ஜனவரி 28. நீர்வரத்துக் குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போவதும் உண்டு. அணை மூடப்பட்ட சில வாரங்களில் ஆறு மெலிகிறது, வாய்க்கால்கள் வறள்கின்றன, மணல் திட்டுகள் முதுகு காட்டுகின்றன.

ஆனால் ஆறு முழுவதும் வற்றிவிடுவதில்லை. மூன்று வகை இடங்களில் நீர் தங்கும். தலைப்பு மதகுகளின் கீழ், விழும் நீர் தரையைக் குடைந்து பள்ளமாக்கியிருக்கும். ஆறு வளையும் இடத்தில், வளைவின் வெளிக்கரையை நீர் அரித்து ஆழமாக்கி, உட்கரையில் மணலைச் சேர்த்திருக்கும். பாலத் தூண்களின் அடியிலும் சுழல் நீர் குழி பறித்திருக்கும். இவற்றையே மக்கள் மடு என்கின்றனர். ஐப்பசி, கார்த்திகையில் வயலெங்கும் வாய்க்காலெங்கும் பரவித் திரிந்த மீன்களுள் தப்பியவை, கோடையில் இந்த மடுக்களில்தாம் ஒதுங்குகின்றன.

கண்ணும் விரலும்

வாய்க்காலில் தூண்டில் போடுவதைத் தஞ்சை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு மூங்கில் கழி, ஒரு முழத் தங்கூசி, ஒரு முள், ஒரு மண்புழு; இவை போதும். நீரில் மீனின் நிழல் தெரியும். விரால் மூச்சுக்காக மேலே வந்து நீரை உடைக்கும். கண்ட இடத்தில் தூண்டிலைப் போட்டால் ஆயிற்று. அங்கே மீன் பிடிப்பது கண்.

மடுவில் அக்கண்ணுக்கு வேலையில்லை. மேலே பச்சை படர்ந்த நீர், கீழே இருள். நாம் இவ்வட்டாரத்தில் பணியாற்றத் தொடங்கிய நாட்களில், ஆற்று மீனையே தொழிலாகக் கொண்டிருந்த ஒரு பெரியவர் நமக்கு அறிமுகமானார். மடுவில் மீன் பிடிக்கக் கற்க விரும்புவதாகக் கூறினோம். அவர் முதல் நாள் தூண்டிலையே எடுக்கவில்லை. முழத்துக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி நம் கையில் கொடுத்தார்.

“முதல்ல ஆழத்தைக் கேட்டுக்குங்க சாமி. மீனை அப்புறம் கேட்டுக்கலாம்” என்றார்.

கரையிலிருந்து பல இடங்களில் கல்லை இறக்கி முடிச்சுகளை எண்ணினோம். ஓரிடத்தில் நான்கு முழம். இரண்டடி தள்ளி ஏழு முழம். அதற்கப்பால் கல் சேற்றில் மெத்தென்று அமர்ந்தது. வேறோரிடத்தில் கருங்கல்லில் ‘டொக்’கென்று மோதியது. அரை மணி நேரத்தில், கண்ணுக்குத் தெரியாத அந்தத் தரையின் படம் நம் மனத்தில் விரிந்தது. சேறு எங்கே, கல் எங்கே, மேடு எங்கே சரிகிறது என்பதெல்லாம் விரலின் வழியே ஏறி வந்தன.

அந்த அளவைக்கொண்டுதான் தூண்டிலில் தக்கையின் இடம் நிர்ணயிக்கப்படுகிறது. நெட்டித் தக்கையை ஆழத்துக்கு ஒரு சாண் குறைவாகக் கட்டினால், இரை தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும். ஈயம் மிகுந்தால் தக்கை அமிழும். குறைந்தால் இரை மிதந்து விலகும். பிறகு காத்திருப்பு. மீன் வந்ததைத் தக்கைதான் சொல்ல வேண்டும். கெளுத்தி வந்தால் தக்கை தட்டித் தட்டி ஆடும். கெண்டை இரையை உறிஞ்சிப் பார்க்கும்போது இலேசாக நடுங்கும். வாளை அந்தி சாய்ந்த பின்னரே வரும். தக்கை ஒரே இழுப்பில் மறையும். இவற்றைப் பிரித்தறிய நமக்கு இரண்டு கோடைகள் ஆயின.

வாயைப் பார்த்து வயணம் அறிதல்

“மீனோட வாயைப் பார்த்தா அது எங்க இருக்கும்னு தெரிஞ்சுடும்” என்பது பெரியவர் சொன்ன இரண்டாம் பாடம். கட்லாவின் வாய் மேல்நோக்கியது. அது நீரின் மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுமட்டத்தில் திரியும். மிர்காலின் வாய் கீழ்நோக்கியது. அது தரையைத் துழாவும். இம்மூன்றையும் ஒரே குளத்தில் வளர்த்தாலும் ஒன்றின் உணவை மற்றொன்று அதிகம் பறிப்பதில்லை. இன்றைய மீன் வளர்ப்பின் அடிப்படையே இதுதான்.

இவை காவிரியின் சொந்தப் பிள்ளைகள் அல்ல. வடக்கேயுள்ள ஆறுகளிலிருந்து வந்து குடியேறியவை. முற்காலத்தில் இவற்றின் குஞ்சுகளை வெள்ளக் காலத்தில் ஆறுகளிலிருந்துதான் அள்ளிவர வேண்டியிருந்தது. தேங்கிய குளத்தில் இவை முட்டையிடுவதில்லை. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், ஒரிசாவின் அங்குல் என்னுமிடத்தில் ஹீராலால் சௌத்ரி என்ற அறிஞர், கபச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இவ்வினக் கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அந்நாளே நம் நாட்டில் மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஆழமான இடத்தில் மீன் எப்போதும் அடியில்தான் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. வெப்பம் ஏற ஏற, நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறையும். அசையாமல் தேங்கிய ஆழ்நீரில் அடிமட்டத்தில் உயிர்வளி மேலும் குறைந்துபோகும். ஆதலால் மீன், வெயிலுக்கு அஞ்சிக் கீழே இறங்கினும், மூச்சுக்கு அஞ்சி முற்றும் இறங்காது. நடுப்பகலில் நடுமட்டத்திலும், விடியலிலும் அந்தியிலும் கரையோரத்திலும் அதனைத் தேட வேண்டும். நீர்மட்டம் நிறைந்தால் 120 அடி நிற்கும் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பரிசலில் சென்று வலை விரிப்போருக்கும், ஏழு முழ மடுவில் தூண்டில் போடுவோருக்கும் இந்த விதி ஒன்றே.

மீன் பிடித்தல் என்றதும் நம் குடும்பத்தார் நினைவில் எழுவது கலிலேயக் கடல். அதுவும் உண்மையில் ஒரு நன்னீர் ஏரியே. நீளம் ஏறத்தாழ 21 கிலோமீட்டர். மிகுந்த ஆழம் 43 மீட்டர் அளவு. அங்கே பிடிபடும் ஒருவகை மீனைப் ‘புனித பேதுருவின் மீன்’ என்று இன்றும் அழைக்கின்றனர். அதன் நெருங்கிய உறவினம் நம் மடுக்களிலும் இருக்கிறது. நாம் ஜிலேபிக் கெண்டை என்று சொல்லும் திலேபியாதான் அது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அந்த மீன் 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் அது விரைவில் பெருகிற்று. பல குளங்களில் உள்ளூர் மீன்களை நெருக்கவும் தொடங்கிற்று.

விட்டுவைத்தல்

மூன்றாம் பாடமே கடினமானது. சித்திரை கடைசியில் மடு சுருங்கிச் சிறுகுட்டையாகும்போது, அதில் உள்ள மீன் முழுவதையும் ஒரே நாளில் அள்ளிவிடலாம். ஆயில் என்ஜினை வைத்து நீரை இறைத்துச் சேற்றில் துடிப்பவற்றைக் கூடைகூடையாக எடுப்போர் உண்டு. வெடி வைப்போரும் நஞ்சு கலப்போரும்கூட உண்டு. வெடியும் நஞ்சும் குற்றம் என்று 1897-ஆம் ஆண்டிலேயே இந்திய மீன்வளச் சட்டம் விதித்திருக்கிறது. எனினும் இவை அடியோடு ஒழிந்தபாடில்லை.

பெரியவர் அப்படிச் செய்ததில்லை. சினையுற்ற கெண்டை முள்ளில் சிக்கினால், ஈரக் கையால் பிடித்து முள்ளைக் கழற்றி நீரில் விட்டுவிடுவார். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துக்கொண்டு நிற்கும் விராலைத் தொடவே மாட்டார். காரணம் கேட்டபோது அவர் கூறியது இது: “தாய் விராலை எடுத்தா ஒரு மீன் கிடைக்கும். குஞ்சையெல்லாம் கெண்டையும் கொக்கும் தின்னுடும். மடு நமக்கு உக்கிராணம் இல்லீங்க சாமி, விதைக்கோட்டை.”

விதைக்கோட்டையைப் பற்றித் தஞ்சை மண்ணில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எத்தனை பஞ்சம் வந்தாலும் வைக்கோற்புரியில் கட்டிய விதை நெல்லைக் குத்திச் சமைக்க நம் முன்னோர் துணியவில்லை. கோடை மடுவில் எஞ்சிய மீனும் அத்தகையதே.

ஆழம் அறியாத பள்ளங்கள்

இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மடு ஆபத்தற்றது என்று நாம் கூறவில்லை. ஆனால் ஆறு தானே அமைத்த மடுவின் இடம் ஊராருக்குத் தெரியும்; அதன் ஆழம் வழிவழியாகச் சொல்லப்பட்டிருக்கும். மணல் அள்ளிய பள்ளம் அப்படியன்று. நேற்று முழங்காலளவு மணல் இருந்த இடத்தில் இன்று இரண்டாள் ஆழம் இருக்கும்; அதன் விளிம்பு செங்குத்தாக நின்று, கால் பட்டதும் சரியும். புதுநீர் வந்து மூடிவிட்டால் மேலே எந்த அடையாளமும் தெரியாது. தமிழகத்தில் ஆற்று மணல் குவாரிகளை 2003-இல் அரசே ஏற்றது. அதன் பின்னரும் காவிரியிலும் கொள்ளிடத்திலும் அளவு மீறி மணல் எடுக்கப்படுவதாக முறையீடுகள் எழுந்தவண்ணமே உள்ளன. கோடை விடுமுறையில் குளிக்கச் சென்ற பிள்ளையின் சவப்பெட்டிக்கு முன் நின்று, பெற்றோருக்குச் சொல்லச் சொல்லின்றித் தவித்த பங்குக்குருக்கள் இப்படுகையில் ஒருவர் இருவர் அல்லர்.

இதற்கு அஞ்சிப் பிள்ளைகளை ஆற்றுப்பக்கமே விடாமல் வளர்ப்பது ஒரு வழி. ஆனால் ஆற்றை அறியாத பிள்ளை, ஒருநாள் நண்பரோடு ஒளிந்து செல்லும்போது எதனைக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும்? ஆகவே தந்தையரும் மாமன்மாரும் பிள்ளைகளைத் தாமே அழைத்துச் செல்லட்டும். முடிச்சிட்ட கயிற்றையும் கல்லையும் அவர்கள் கையில் கொடுக்கட்டும். கரையில் நின்றபடியே, இது நான்கு முழம், இது ஏழு முழம் என்று எண்ணிப் பழகட்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியை நூறுமுறை சொல்வதைவிட, அந்தக் கயிற்றை ஒருமுறை இறக்கிப் பார்ப்பது மேலானது. நீச்சலையும் நேரத்தோடு கற்பியுங்கள், பெண்பிள்ளைகளுக்கும் கற்பியுங்கள்.

ஜூன் திங்களில் மேட்டூர் திறந்து சில நாட்களில், சருகும் நுரையுமாகப் புதுநீர் இவ்வூரை வந்தடைகிறது. முதலில் மணலை நனைக்கிறது. பின் மடுவைத் தொடுகிறது. கோடை முழுவதும் இருளில் ஒடுங்கியிருந்த மீன்கள் அந்தத் தண்ணீரை எதிர்த்து ஏறுகின்றன. மதகு வழியே வாய்க்காலுக்கும், வாய்க்கால் வழியே வயலுக்கும் பரவுகின்றன. ஆவணியில் ஒரு சிறுவன் தன் வீட்டு வாசல் வாய்க்காலில் ஒரு சாண் கெண்டையைப் பிடித்துத் தாயிடம் ஓடுகிறான். அந்த மீன் சித்திரையில் யாரோ ஒருவர் மடுவில் விட்டுவைத்த மீனின் பிள்ளை என்பது அவனுக்குத் தெரியாது. சொல்லிக் கொடுப்பது நம் கடமை.