எள்ளும் நீரும் ஒரு மெழுகுவர்த்தியும்

ஆடி அமாவாசையன்று உடப்புக் கடற்கரையில் பிதிர்க்கடன் ஆற்றக் கூடும் மக்களை வாசகர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையினரின் பெயர் சொல்லி எள்ளும் நீரும் இறைப்பது வழக்கம். ஆசானுக்கும் நண்பனுக்கும் அங்கே இடமுண்டு என்பது இன்று பலருக்குத் தெரியாது. எங்கள் பாட்டனாருக்குத் தெரியும். முன்னோர் பெயர்கள் முடிந்ததும், சிலாபத்துக் கத்தோலிக்க மீனவர் ஒருவரின் பெயரை அவர் ஆண்டுதோறும் உரக்கச் சொல்லுவார்.

இருவரும் இரண்டாம் உலகப் போரின்போது இலங்கைப் பாதுகாப்புப் படையின் பீரங்கிப் பிரிவிலே சேர்ந்தவர்கள். சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையுள்ள கரையோரத்தில் வீட்டிலே தமிழும் வெளியிலே சிங்களமும் பேசும் மீனவக் குடும்பங்கள் பல உண்டு. நண்பரும் அத்தகைய குடும்பத்தவரே. பாட்டனாருக்குச் சிங்களம் கற்பித்தவர் அவர். அவருக்குத் தமிழ் எழுத்துக் கற்பித்தவர் பாட்டனார். விடுமுறை கிடைத்தால் இருவரும் முதலில் சிலாபத்து வீட்டில் இறங்கி, அந்தத் தாயார் சமைத்த மீன்குழம்பை உண்ட பின்னரே பாட்டனார் உடப்புக்கு நடையைக் கட்டுவாராம்.

1942 ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே நகுமோவின் கப்பற்படை கொழும்பின்மீது விமானங்களை ஏவியது. 9ஆம் நாள் திருகோணமலையின் முறை. அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கி 307 பேர் மாண்டனர். சீனன்குடாவில் ஜப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கியில் மோதி வெடிக்க, தீ நாட்கணக்கில் எரிந்தது. அன்று திருகோணமலையில் உயிர் நீத்தோருள் நண்பரும் ஒருவர். அவருடைய முடிவைப் பற்றிப் பாட்டனார் எங்களிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அவர் வலை முடிச்சுப் போடும் விதத்தையும், கருவாட்டை அனலில் வாட்டும் பக்குவத்தையுமே மணிக்கணக்கிற் சொல்லுவார்.

நிற்க. அந்தப் போர் எங்கள் மாவட்டத்திலும் கால் பதித்தது. புத்தளத்தை அடுத்த பாலாவியிலே பிரித்தானியக் கடற்படை விமானத்தளம் ஒன்று அமைத்து அதற்கு ‘ராஜாலிய’ என்று பெயரிட்டது, நம்முடைய ராஜாளிதான். மழைக்காலத்துச் சேற்றிலே புதைந்த போர் விமானங்களை யானைகளைக் கட்டி இழுத்தார்கள். இக்கதையை என் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். படத்தைக் காட்டிய பின் வகுப்பை அமைதிப்படுத்துவதுதான் பெரும் பாடு.

1990ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. வடக்கும் கிழக்கும் எரிந்துகொண்டிருந்தன. ‘ஆமி’ என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் வீட்டில் பேச்சு அடங்கிவிடும். அவ்வாண்டு ஆடி அமாவாசைக்கு முந்திய இரவில் பெரியப்பா பாட்டனாரிடம், “ஐயா, இம்முறை அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். படையிலே செத்தவனுக்கு எள்ளுந் தண்ணீருமா என்று ஊரார் கேட்கிறார்கள்” என்றார். அச்சமும் அதிற் கலந்திருந்தது, கோபமும் கலந்திருந்தது. இரண்டையும் நியாயமற்றவை என்று என்னாற் சொல்ல இயலாது.

பாட்டனார் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அவனுடைய ஆத்தை எனக்குச் சோறு போட்டவள், தம்பி” என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

மறுநாள் கரையிலே குருக்கள் வழக்கம்போல், “கோத்திரம்?” என்று கேட்டார். பாட்டனாரும் வழக்கம்போல், “தெரியாது, சுவாமி” என்றார். கோத்திரம் அறியாதார்க்குக் காசியப கோத்திரம் சொல்லும் மரபு ஒன்று உண்டு. ஆகவே சிலாபத்துக் கத்தோலிக்கர் ஒருவர் அன்றும் காசியபர் வழித்தோன்றலாகி நீர் பெற்றார். எங்கள் திரௌபதியம்மன் கோயிலில் பாரதக் கதையோடு பதினெட்டு நாள் விழா நடந்து தீமிதிப்பு நிகழ்வதை அறிவீர்கள். போர் முடிந்தபின் கங்கைக் கரையிலே, எதிர்ப்பக்கத்தில் நின்று மடிந்த கர்ணனுக்கும் நீர்க்கடன் செய்யுமாறு குந்தி தருமரிடம் கேட்கும் இடம் அக்கதையில் உண்டு. அதனைக் கேட்டு வளர்ந்த ஊரில் இது விந்தையாகத் தோன்றியதுதான் எனக்கு விந்தை.

பாட்டனார் 1997ஆம் ஆண்டு காலமானார். அவருடைய தலைத்திவசம் கழிந்து வந்த ஆடி அமாவாசையில் பெரியப்பாவே கரையில் அமர்ந்தார். பெயர்கள் முடிந்தன. குருக்கள் தர்ப்பையைக் களையச் சொல்லவில்லை, காத்திருந்தார். சற்று நேரம் கடலைப் பார்த்திருந்த பெரியப்பா, பின்னர் அந்தப் பெயரைச் சொன்னார். அதன் பின்பாதியைப் பிழையாக உச்சரித்தார். எவரும் திருத்தவில்லை. எங்கள் குடும்பத்தில் இன்றுவரை அந்தப் பிழையான உச்சரிப்பே நிலைத்துவிட்டது.

சிலாபத்திலே நண்பரின் தாயாருடைய கல்லறைச் சிலுவையின் அடியில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. மரித்த ஆத்துமாக்களின் நாளாகிய நவம்பர் 2ஆம் தேதி அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி வந்த குடும்பத்தார், அக்கரையோரத்தார் பலரைப் போல, இத்தாலிக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். ஆகவே சில ஆண்டுகளாக நான் சென்று வருகிறேன். சென்ற ஆண்டு நல்ல மழை. திரி மூன்று முறை அவிந்தது. சேமக்காலைக் காவலாளி தம் குடையைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டு நின்றார். எந்த முறையில் உறவு என்று அவர் கேட்கவில்லை.